எட்டே முக்கால் பஸ்

மோகனப்ரியா ஒன்பதாம் வகுப்புக்குப் போன வருஷம்தான் முதன்முதலாக மவுஸைத் தொட்டாள். போனில் அவள் செய்யாத வேலை கிடையாது. பாட்டை வெட்டுவாள், ஒட்டுவாள், ஸ்டேட்டஸ் வைப்பாள். ஆனால் கம்ப்யூட்டர் வேறு மாதிரி இருந்தது. மவுஸ் மேசை விளிம்புக்கு வந்துவிட்டால் தூக்கி நடுவில் வைத்துக்கொள்ளலாம் என்று தெரியாமல், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷீபாவின் மடிவரைக்கும் தள்ளிக்கொண்டே போனாள். தமிழில் தன் பெயரை அடிக்க ஒரு பீரியட் முழுசும் ஆனது.

ஆலங்குடிக்குப் பக்கத்து ஊர் அவளுடையது. அப்பா ஆவுடையப்பனுக்குக் கடலை வெள்ளாமை. கம்ப்யூட்டர் வகுப்பையும் பார்த்துக்கொண்ட கணக்கு சார், ஊருக்கு உபயோகமாக எக்செல்லில் ஏதாவது ஓர் அட்டவணை போட்டு வரச் சொன்னார். அவள் பஸ் நேரத்தை எடுத்துக்கொண்டாள். கண்டக்டரிடம் கேட்டதற்கு, வண்டி நகர்கிற அவசரத்தில், ஆறு பத்திலிருந்து மணிக்கு ஒன்று என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆறு பத்து, ஏழு பத்து என்று இரண்டு கட்டத்தில் அடித்து, ஓரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தாள். ராத்திரி எட்டு பத்து வரைக்கும் தானாகவே நிரம்பிவிட்டது. ஷீபா வாயைப் பிளந்தாள். அச்செடுத்து பஸ் ஸ்டாப் பெட்டிக்கடையில் ஒட்டினார்கள். ஆவுடையப்பன் அந்தப் பக்கம் வேலை இல்லாத நாளிலும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

நாலாம் நாள், மூன்று வீடு தள்ளியிருந்த ராக்காயி புதுக்கோட்டைக்குக் கண் காட்டக் கிளம்பினாள். ஒன்பது பத்து பஸ்ஸுக்கு ஒன்பதுக்கே வந்து நின்றாள். அந்த வண்டி எட்டே முக்காலுக்கே போயிருந்தது. அடுத்ததைப் பிடித்துப் போய்ச் சேருவதற்குள் ஆஸ்பத்திரியில் சீட்டு கொடுக்கிற நேரம் முடிந்துவிட்டது.

சாயங்காலம் மோகனப்ரியாவைப் பார்த்தபோது ராக்காயி கோபப்படவில்லை.

“கம்ப்யூட்டர்ல போட்டது தப்பா இருக்காதுன்னு நெனச்சுட்டேன் ஆத்தா,” என்றாள்.

திட்டியிருந்தால்கூட மோகனப்ரியாவுக்கு இவ்வளவு வலித்திருக்காது. நேரே பெட்டிக்கடைக்குப் போய்த் தாளைக் கிழித்தாள்.

சனிக்கிழமை விடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்தாள். வந்த வண்டி ஒவ்வொன்றின் நேரத்தையும் எழுதினாள். மதியம் ஷீபா துணைக்கு வந்தாள். ஆவுடையப்பன் தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுவந்து, இவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை நோட்டைத் தன் கையில் வைத்துக்கொண்டார். அதற்குள் ஒரு வண்டி வந்துபோனது. அதன் நேரத்தோடு நம்பரையும் கோணல் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்தபோதுதான் அன்றைக்கு இரண்டு வண்டி ஓடாது என்பது தெரிந்தது.

திங்கட்கிழமை எதையும் இழுக்கவில்லை. ஒவ்வொரு நேரத்தையும் கையாலேயே அடித்தாள்; ஞாயிற்றுக்குத் தனி வரிசை போட்டாள். அடியில், ‘பத்து நிமிஷம் முன்னாடியே வந்து நில்லுங்க. தப்பு இருந்தா மோகனப்ரியாகிட்ட சொல்லுங்க’ என்று சேர்த்தாள். முதல் தாளை ராக்காயி வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவள் தாளைக் கிட்டே பிடித்தாள், தள்ளிப் பிடித்தாள், சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டாள். மறுநாள் மோகனப்ரியா, காலை பஸ் நேரம் மூன்றை மட்டும் தாள் முழுக்க வருகிற மாதிரிப் பெரிசாக்கி எடுத்து வந்து, அவள் வீட்டுக் கதவிலேயே ஒட்டினாள்.

அந்த வியாழக்கிழமை ராக்காயி எட்டே முக்கால் பஸ்ஸில் போனாள். அடுத்த மாதம் ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

மோகனப்ரியா இப்போது பத்தாம் வகுப்பு. அட்டவணை ஆறு தடவை மாறிவிட்டது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையைத் தொந்தரவு பண்ணாதீர்கள் என்று அவள் அம்மா சொல்லிப் பார்க்கிறாள். வருகிறவர்கள் வாசலில் நின்றபடியே, சாயங்கால வண்டி அஞ்சு நிமிஷம் தள்ளி வருது என்று சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். அவளும் கணக்குப் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குறித்துக்கொள்கிறாள்.