விடியலா, அந்தியா?

ஆரியசாலைக் கடைத்தெருவில் கற்பூரமும் ஊதுபத்தியும் மொத்தமாக விற்கும் சொரிமுத்துவுக்கு வாக்கப்பட்டு முப்பது வருஷமாகியும், உலகம்மாள் அவரை மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பயமெல்லாம் கிடையாது. எந்தப் பேச்சிலும் அவர் முந்திக்கொள்வார். அவர் முடிப்பதற்குள் இவளுக்கு அடுப்பு வேலை வந்துவிடும்.

பக்கத்து வாசகசாலையில் சனிக்கிழமைதோறும் ஓவியம் பார்க்கச் சொல்லித்தருகிறார்கள் என்று இருவரும் போனார்கள். ஓவியம் படித்த மலையாளப் பெண் ரெம்யா, பழைய பிரெஞ்சுப் படமொன்றைத் திரையில் காட்டினாள். ஆறு, கரையில் மரங்கள், ஒரு படகு, அதில் ஓர் ஆள். உற்றுப் பார்த்தால் எல்லாமே வண்ணத் தீற்றல்.

“இவங்க ஆற்றை வரையல, அந்த நேரத்து வெளிச்சத்த வரைஞ்சாங்க. இது எந்த நேரம்? பறையுங்க.”

சொரிமுத்து எழுந்தார். “விடியக்காலம். தண்ணியில செவப்பு தெரியுதுல்லா? சந்தைக்குப் போறான்.”

“இல்ல, அந்தி.”

சொன்னது தான்தான் என்று உலகம்மாளுக்கே சற்றுக் கழித்துத்தான் உறைத்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அதெப்படி சேச்சி?” என்றாள் ரெம்யா.

“தோளு தொங்கிப்போச்சு பாருங்க. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வாறான்.”

“ஏளா, ஆளே ரெண்டு தீத்தல். அதுல தோளு எங்க?” என்றார் சொரிமுத்து.

“சந்தைக்குப் போறவன்னா படகுல சரக்கு எங்க?”

கூடமே சிரித்தது, சொரிமுத்துவும்தான். நேரத்தை ஓவியர் எங்கும் சொல்லவில்லை, இரண்டுக்கும் இடமுண்டு என்றாள் ரெம்யா.

அவர் விடுவாரா? நேரிலேயே பார்த்துவிட, ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு கிளம்பிக் கல்லாற்றங்கரைக்குப் போனார்கள். விடிந்தது; தண்ணீர் சிவக்கவில்லை, வெள்ளியும் பச்சையுமாகக் கிடந்தது. சாயங்காலம் பார்ப்போமென்றால் மதியமே மழை பிடித்துக்கொண்டது. ஆனால் அதற்கு முன், உலகம்மாள் ஆற்றில் இறங்கிக் காலை நனைத்தபோது அவளுடைய மஞ்சள் சேலையின் பிம்பம் அலையில் துண்டு துண்டாகச் சிதறி, மறுபடி கூடியது.

“இங்க வாங்க! அந்தப் படத்துல உள்ள மாதிரியே இருக்கு.”

சொரிமுத்து வேட்டியை மடித்துக்கட்டி இறங்கினார். வெகுநேரம் தண்ணீரையே பார்த்தார். பிறகு, “சரி, இப்ப நீ சொல்லு. இந்த வெளிச்சத்துக்கு என்ன நிறம்?” என்று கேட்டுவிட்டு, அதிசயமாக, பதிலுக்குக் காத்திருந்தார். அவள் பேசினாள், தேநீர்க் கடையில் ஒதுங்கியபோதும் பேசினாள், பஸ்ஸில் திரும்பித் தம்பானூர் வரும்வரை பேசினாள்.

அடுத்த சனிக்கிழமை திரையில் வேறொரு படம்: பனியில் ஒரு பாலம். ரெம்யா கேள்வியை முடிக்குமுன் முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பின்வரிசையில் சொரிமுத்து பக்கத்து ஆளின் தொடையைத் தட்டி, “நம்ம வீட்டம்மா. கேளுங்க,” என்றார்.