வெங்காயப் பாத்தியில் ஒரு முக்காலி

போன கிழமை இரண்டு பகல் முழுக்க நான் வானத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டு அல்ல… கேட்டுக்கொண்டு.

இந்தப் பத்தி எழுதுகிற நேரம் போக மீதி நேரம் நான் நில அளவையாளன் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் கந்தோருக்குக் கொழும்பிலிருந்து ஒரு புதுக் கருவி வந்தது. மேலே பூமியைச் சுற்றி ஓடுகிற செய்மதிகளின் சத்தத்தைப் பிடித்து, தான் நிற்கும் இடம் பூமியில் எங்கே என்று கணக்குச் சொல்லுமாம். கொண்டுவந்தவர் ரவீந்திரன் என்ற இளம் பொறியியலாளர்.

அதை வைக்க, மறைப்பில்லாத வானம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் பனை மறைக்காத வானத்துக்கு எங்கே போவது? கடைசியில் உடுவிலில், பரமேஸ்வரி அக்காவின் வெங்காயத் தோட்டத்தில் அகப்பட்டது. அங்கே பழைய அளவைக் கல் ஒன்றும் உண்டு. கல்லில் வெட்டிய அம்புக்குறியைச் சூலம் என்று நினைத்து யாரோ பொட்டு வைத்திருந்தார்கள். நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்கக் குங்குமத்தைத் துடைக்க வேண்டியதாயிற்று. கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் துடைத்தேன்.

கல்லுக்கு நேர் மேலே முக்காலி. தூக்குக்குண்டு புள்ளியிலேயே நிற்க வேண்டும். அதன் மேல் அன்ரெனா. கல்லிலிருந்து அன்ரெனா வரை உயரத்தை மூன்று தரம், மில்லிமீற்றர் கணக்கில் அளந்து எழுதச் சொன்னார் ரவீந்திரன். எழுதினேன். இரண்டு நாளைக்கு இது அசையக்கூடாது என்று சொல்லிவிட்டு, அவர் சாவகச்சேரியில் அடுத்த கல்லைப் பார்க்கப் போய்விட்டார்.

வேலியால் எட்டிப் பார்த்தவர்கள், இதில் இந்தியா ரீவி தெளிவாக வருமோ என்று கேட்டார்கள். வராது என்றதும் கலைந்துவிட்டார்கள்.

பிறகு நானும் சோளகக் காற்றும்தான். ஒரு குடை, ஒரு கார் பற்றரி, ஒரு கொப்பி. இடைக்கிடை கருவியின் சின்ன விளக்கு எரியும்… ஒரு செய்மதி வருகிறது! கருவியிலிருந்து மெல்லிய கூவல். கிட்ட வரும்போது உச்சத்தில் நின்று, தலைக்கு மேலே சரிந்து, விலகும்போது இறங்கிப் போகும். ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போகிற பஸ் மாதிரி. கால் மணி நேரத்தில் வல்வெட்டித்துறைக் கடலுக்கும் அப்பால் போய்விடும். அண்ணாந்து பார்த்தால் வெறும் நீலம்.

அரைத்தூக்கத்தில், செய்மதி நின்ற இடத்தில் நிற்க, நானும் கல்லும் வெங்காயப் பாத்திகளும்தான் மெல்ல மிதந்து போகிறோம் போலிருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன் – அவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு நாளும் அரசாங்கச் சம்பளம் வாங்கியதில்லை.

முதல் நாள் பின்னேரம் அக்கா பனங்கட்டியும் தேத்தண்ணீரும் கொண்டுவந்தார்.

“தம்பி, நாளைக்கு என்ரை முறை. இறைக்கலாமோ?”

அந்தக் கிணறு ஐந்து வீட்டுக்குப் பங்கு. ஒரு வீட்டுக்கு ஒரு நாள். தவறவிட்டால் திரும்ப ஐந்து நாள் கழித்துத்தான். வெங்காயம் நட்டு இரண்டு கிழமைகூட ஆகவில்லை. ஆனால் தலைவாய்க்கால் முக்காலியின் காலை உரசிக்கொண்டு போகிறது. செம்மண் நனைந்தால் இளகும். இளகினால் கால் தாழும். நான் மில்லிமீற்றர் எழுதியவன் அல்லவா?

“நாளைக்கு வேண்டாம் அக்கா. கால் ஒரு நூல் தாழ்ந்தாலும் எல்லாம் பிழைச்சுப்போம்.”

அவர் வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த நாள் முழுக்கக் கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற மிசின் சத்தமே இல்லை. அந்த அமைதி செய்மதிக்கு நல்லது என்று நினைத்துக்கொண்டு கிடந்தேன், மடையன்.

மூன்றாம் நாள் காலையில் ரவீந்திரன் வந்தார். கருவியைப் பார்க்கிறதுக்கு முதல் தோட்டத்தைத்தான் பார்த்தார். தண்ணீர் கண்டு ஆறு நாள்… வெங்காயத் தாள்கள் நுனி மஞ்சளாகிச் சரிந்து கிடந்தன. ஏன் இறைக்கவில்லை என்று கேட்டார். பெருமையோடு விளக்கினேன்.

“அண்ணை,” என்றார் அவர் தயங்கித் தயங்கி, “இது எவ்வளவு கவனமா வைச்சாலும் கடைசியிலை ஒரு மீற்றர் கூடக்குறையத்தான் சொல்லும். ஒரு விரல் தாழ்ந்தால் இதுக்குத் தெரியவே தெரியாது.”

பிறகு ஏன் ஐயா மில்லிமீற்றர் அளக்கச் சொன்னீர் என்று கேட்டேன். அளக்கிறதை ஒழுங்காக அளக்கத்தானே வேண்டும் என்றார். அதுவும் சரிதான்.

அக்காவிடம் போய் உள்ளதைச் சொன்னேன். சொல்லாமல் முக்காலியை மடித்துக்கொண்டு போயிருக்கலாம். அப்படியும் ஒரு நினைப்பு வந்தது, மறைக்கவில்லை. அவர் கிணற்றடியில் கிடந்த வாளிகளைக் கையால் காட்டினார்.

“உங்கடை மிசினுக்கு ஒரு மீற்றர் பிழை பறவாயில்லை எண்டால், என்ரை வெங்காயத்துக்கும் ஒரு நாள் பிழையைப் பொறுக்கச் சொல்லிப் பாப்பம். முறை இறைக்கிற மிசினுக்குத்தான் தம்பி, வாளிக்கு இல்லை. அந்த வாளியை எடுங்கோ.”

எடுத்தேன். ரவீந்திரனும் களிசான் காலை மடித்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். நாற்பது பாத்தி. மத்தியானம் தாண்டிவிட்டது. செம்மண் தண்ணீரைக் குடிக்கிற சத்தம் இருக்கிறதே… செய்மதியின் கூவலைவிட அது இன்னும் காதுக்குள் நிற்கிறது.

நேற்றுப் போய்ப் பார்த்தேன். முப்பத்தொன்பது பாத்தி நிமிர்ந்துவிட்டது. முக்காலி நின்று, நான் இரண்டு நாள் மிதித்த பாத்தி மட்டும் எழும்பவில்லை. கல்லில் புதுக் குங்குமம் இருந்தது.

அந்தக் கல் பூமியில் எங்கே இருக்கிறது என்பது இனி உலகத்துக்கே தெரியும். அதைச் சுற்றி ஏன் வெங்காயம் இல்லை என்பது அக்காவுக்கும் எனக்கும்தான் தெரியும்… இப்போது உங்களுக்கும்.