இரண்டாம் பேஸ்மென்ட்டில் டிஜோன்

“வலது பக்கம் பாத்தீங்கன்னா, ட்யூக்குகளோட அரண்மனை” என்று சேதுராமன் கையை நீட்டும் இடத்தில் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்பதற்குப் பக்கத்தில் ஆள் கிடையாது. சவூதியின் அல் கோபாரில் தான் குடியிருக்கும் கட்டிடத்தின் இரண்டாம் பேஸ்மென்ட்டில், நிறுத்தி வைத்த கார்களுக்கு நடுவே, மாலைதோறும் அவர் தன்னந்தனியாகப் பிரான்சு தேசத்து டிஜோன் நகரைச் சுற்றி வருகிறார். குப்பைத் தொட்டிகள் இருக்கும் மூலை, பழைய சந்தை. கடைசித் தூணைத் தாண்டினால் தேவாலயம். அங்கே பக்கத்து வீட்டு ஸ்ரீகாந்த் தன் புது வண்டியை நிறுத்திவிட்ட அன்று, சேதுராமன் வெளியிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

இந்த மனிதர் நடக்கிறார் என்பதே கட்டிடத்தில் பலருக்கு ஆச்சரியம். எண்ணெய்க் குழாய்களைச் சோதிக்கும் கம்பெனியில் சீனியர் இன்ஜினியர். வளைகுடாவுக்கு வந்து இருபது வருஷமாகிறது. தெருமுனைப் பகாலாவுக்கு, அதாவது மளிகைக் கடைக்குக்கூட, காரில் போய், வாசலில் நின்று ஹாரன் அடித்து, கடைக்காரர் ஜன்னல் வழியாக நீட்டும் தயிரை வாங்கிக்கொண்டு வருகிறவர். கேட்டால் “என்னா வெயில் பாத்தீங்களா?” என்பார். ஜனவரி மாதத்திலும் அதையேதான் சொல்வார்.

அவர் வாயில் வரவே வராத சொல் ஒன்று உண்டு. அது “தெரியல”. வழி தப்பும்போதெல்லாம் “இதோ வந்துடுச்சு” என்பார், யாரிடமும் கேட்க மாட்டார். போன வருஷம் இஸ்தான்புல்லில் அப்படித்தான் ஒரே கடைத்தெருவை மனைவி பத்மாவுக்குத் திரும்பத் திரும்பச் சுற்றிக் காட்டினார். கம்பளக் கடைக்காரர் மூன்றாம் முறை வணக்கம் வைத்தபோது பத்மா அந்தக் கடைப் படியிலேயே உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டார். “இனிமே உங்கள நம்பி ஒரு தெரு நடக்க மாட்டேன். வாசல் வரைக்கும் டாக்சி போற ஊரா இருந்தா சொல்லுங்க, வர்றேன்.”

வந்த வினை, சேதுராமனின் மனசு போய் விழுந்த டிஜோன் நகரின் நடுப்பகுதியில் கார் விடுவதில்லை. சந்து சந்தாக நடந்துதான் பார்க்க வேண்டும். வருகிற மாதம் அவர்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாள். விசா அப்பாயின்ட்மென்ட் வியாழக்கிழமை. பத்மாவோ தன் பாஸ்போர்ட்டை எங்கே வைத்திருக்கிறார் என்றே சொல்ல மறுத்துவிட்டார்.

அதற்காகத்தான் இந்த ஒத்திகை. ராத்திரிச் சாப்பாட்டின்போது அவர் விளக்கினார். அந்த ஊர்த் தெருக்களில் பித்தளை ஆந்தைகளைப் பதித்திருக்கிறார்கள், அவற்றின் பின்னாலேயே போனால் வழி தப்பாது. தேவாலயச் சுவரில் ஒரு கல் ஆந்தை உண்டு. இடது கையால் அதைத் தொட்டு வேண்டிக்கொண்டால் நினைத்தது நடக்கும்.

பத்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

“ஆந்தையா?”

“ஆமா.”

“அதுவும் இடது கையால?”

“அங்க அப்படித்தான் பத்மா.”

“கல்யாண நாளும் அதுவுமா ஆந்தை மூஞ்சில முழிக்கிறதுக்கா பிளைட்டு ஏறணும்?”

சேதுராமன் அசரவில்லை. ஆபீஸ் பிரின்டரில் ஆந்தைப் படங்களை எடுத்துவந்து தூணுக்குத் தூண் ஒட்டினார். முதல் மாடி ஜோதிமணி வேலைக்கான இன்டர்வியூவுக்குக் கிளம்பியவர், கார் பக்கத்துத் தூணில் ஆந்தையைப் பார்த்து மேலே திரும்பிப் போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்பட்டார். கட்டிடத்து வாட்ஸ்அப் குழு இரண்டு நாள் கொதித்தது. வாட்ச்மேன் ஹசன் அலி மட்டும் “மாஃபி முஷ்கில், சாப்” என்று சமாதானம் சொன்னார். ஒரு பிரச்சினையும் இல்லையாம்.

செவ்வாய்க்கிழமை பத்மா இறங்கி வந்தார். “உங்க டிஜோன ஒரே ஒரு தடவை சுத்திப் பாக்குறேன். வழி தப்புச்சுன்னா பிரான்சு கலாஸ், அத்தோட முடிஞ்சுது.”

அன்று மத்தியானம் கட்டிட மேனேஜர் சோதனைக்கு வந்ததும், ஹசன் அலி பயந்துபோய் ஆந்தைகளையெல்லாம் கிழித்து எடுத்ததும், மேனேஜர் போன பிறகு சாப் மனசு நோகக் கூடாதே என்று கைக்கு எட்டிய தூண்களில் திரும்ப ஒட்டி வைத்ததும் சேதுராமனுக்குத் தெரியாது. மனிதர் ஆந்தைகளை முழுசாக நம்பிப் புறப்பட்டார்.

அரண்மனையைத் தாண்டினார்கள். சந்தை வந்திருக்க வேண்டும், ஆனால் ஜெனரேட்டர் அறை வந்தது. “இதோ வந்துடுச்சு” என்றார். இரண்டாம் முறையும் ஜெனரேட்டர் அறை.

“லிஃப்ட் அதோ தெரியுதே” என்றார் பத்மா.

“டிஜோன்ல லிஃப்ட் கிடையாது பத்மா. ஆந்தை எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாரு.”

மூன்றாம் முறை ஜெனரேட்டர் அறை வந்தபோது சேதுராமனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தூணைப் பார்த்தார், பின்னால் திரும்பிப் பார்த்தார். “இதோ” என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

“பத்மா, எனக்கு வழி தெரியல.”

இருபத்தைந்து வருஷத்தில் பத்மா இதைக் கேட்டதே இல்லை. வியர்த்து வழிய, தான் காரை நிறுத்துகிற இடத்திலேயே தொலைந்துபோய் நிற்கும் மனிதரைப் பார்க்க அவருக்குச் சிரிப்பு வந்தது. பாவமாகவும் இருந்தது.

“அந்த ஊர்ல வழி தெரியலன்னா என்ன பண்ணுவாங்க?”

“தெருவுலயே மேஜை நாற்காலி போட்டிருப்பாங்க” என்றார் சேதுராமன், குரல் இறங்கி. “உக்காந்து காபி குடிப்பாங்க.”

“எவ்வளவு நேரம்?”

“எவ்வளவு நேரம் வேணாலும். யாரும் எழுப்ப மாட்டாங்க.”

“இத முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?”

வாட்ச்மேன் அறை வாசலில் கிடந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளையும் பத்மா தரதரவென்று இழுத்துவந்து, ஸ்ரீகாந்தின் வண்டிக்கு முன்னால் எதிரெதிராகப் போட்டார். ஒன்றில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். பிறகு, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்க மூச்சிரைக்க ஓடிவந்த ஹசன் அலியைப் பார்த்து, சர்வரைக் கூப்பிடும் தோரணையில் இரண்டு விரல்களை உயர்த்தினார்.