காருக்கு அடியில் விரித்த அட்டை

தொழிற்சாலையில் என் வேலை சொட்டு பார்ப்பது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்கிற கம்பெனி அது. ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் இருபது மூடிகளை எடுப்போம். தண்ணீர் நிரப்பிய பாட்டில்களில் அவற்றைத் திருகி, பழுப்புக் காகிதத்தின்மேல் தலைகீழாக நிறுத்திவிடுவோம். மறுநாள் காலையில் காகிதத்தைப் பார்த்தால் போதும். ஒரே ஒரு சொட்டு நனைந்திருந்தாலும் அந்த பேட்ச் மொத்தமும் ரிஜெக்ட். உற்பத்தி மேனேஜர் வந்து, ஒரு சொட்டுதானே மேடம் என்று இழுப்பார். நான் அசைந்ததே கிடையாது. எனக்குப் பின்னால் என்னை ராட்சசி என்று கூப்பிடுகிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

நாற்பத்து மூன்று வயதில் கிடைத்த வேலை இது. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு இருபது வருஷம் நான் செய்த கெமிஸ்ட்ரி எல்லாம் சாம்பாரில்தான். பையன் ஹாஸ்டலுக்குப் போனதும் விண்ணப்பம் போட்டேன், கூப்பிட்டார்கள், சேர்ந்துவிட்டேன். முதல் நாள் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடிமுன் நின்றபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை என் கல்யாணப் புடவைகூடக் கொடுத்ததில்லை. இதைச் சொன்னால் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார், அதனால் அவரிடம் சொல்லவில்லை.

சிக்கல் என்னவென்றால் நாங்கள் இருப்பது திருநின்றவூரில். கும்மிடிப்பூண்டிக்கு ரயிலில் போவதென்றால் மெட்ராஸுக்குள் போய், இறங்கி, வேறு லைனில் ஏறி, மறுபடி வெளியே வரவேண்டும். கம்பெனி பஸ் கல்கத்தா நெடுஞ்சாலையோடு சரி, எங்கள் பக்கம் தலைகாட்டாது. ஆக, காரை விட்டால் வழியில்லை. தாமரைப்பாக்கம், பெரியபாளையம், புதுவாயல் என்று குறுக்கே போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் கேட்டில் நிற்கலாம். வழியில் இரண்டு பெண்கள் ஏறிக்கொள்வார்கள். ஒருத்தி பெட்டி கட்டும் பிரிவு, இன்னொருத்தி ஸ்டோர்ஸ். எங்கள் கம்பெனியின் எல்லா ரகசியமும் அந்தக் காருக்குள்தான் பேசித் தீர்க்கப்படும்.

அந்தக் கார் முதலில் வீட்டுக்காரருடையது. அவர் பம்புசெட் விற்பனையில் இருந்த காலத்தில் மாவட்டம் முழுக்க அதிலேயே சுற்றினார். பிறகு சென்னை ஆபீசில் நாற்காலி வேலை கிடைத்து ரயிலுக்கு மாறினார், கார் என் கைக்கு வந்தது. இப்போது மீட்டரில் இரண்டு லட்சத்துப் பதினெட்டாயிரம் கிலோமீட்டர். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் இஞ்சினுக்குள் யாரோ அம்மி கொத்துகிற மாதிரி சத்தம் வரும். எங்கள் தெருவில் யாரும் அலாரம் வைப்பதில்லை, என் கார் போதும். பின்சீட்டில் இருக்கிறவர்களிடம் கத்திக் கத்திப் பேசியே எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது.

ஒருமுறை பெரியபாளையத்தை அடுத்த ஆரணி தாண்டி வயலுக்கு நடுவில் பேட்டரி செத்து நின்றுவிட்டேன். வீட்டுக்காரர் ஆபீசில் பாதி நாள் லீவு போட்டுவிட்டு, பஸ்ஸும் ஆட்டோவுமாக மாறி மாறி வந்து சேர்ந்தார். அன்று வந்த பயம் அவரை விடவேயில்லை. போதாததற்கு வண்டிக்குப் பதினைந்து வருஷம் நெருங்கிக்கொண்டிருந்தது, ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அதற்குள் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடலாம் என்று ஆரம்பித்தார். ஷோரூம்காரர் ஒருவர் தினமும் போன் செய்தார். தள்ளிவிட்டு வாங்குகிற வண்டி என்ன என்று கேட்டேன். பையன் படிப்பு முடியட்டும், பிறகு வாங்கலாம் என்றார். அதுவரை நான் எப்படி வேலைக்குப் போவது என்று கேட்டேன். அவர் செய்தித்தாளை மடித்துக்கொண்டு எழுந்தார். கார் போனால் என் வேலையும் கூடவே போகும், அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்கள் கம்பெனி ஃபிட்டரிடம் இதைப் புலம்பினேன். எங்கள் கம்ப்ரஸரும் இப்படித்தான் கத்திக்கொண்டு கிடந்தது, சிந்தெடிக் ஆயிலுக்கு மாற்றிய பிறகு அடங்கிவிட்டது, காருக்கும் அதற்கென்று உள்ள சிந்தெடிக் ஆயிலை ஊற்றிப் பாருங்கள் மேடம் என்றார். அன்று சாயங்காலமே எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் போய் நின்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

"வோணாங்க்கா. இவ்ளோ ஓடுன வண்டில உள்ள இருக்கிற கசடுதான் சீல புடிச்சிக்கினு இருக்குது. சிந்தெடிக் ஊத்தினா அதெல்லாம் கரைஞ்சி, கீழ சொட்ட ஆரம்பிச்சிடும்."

அதாவது என் கார் அழுக்கின் தயவில் ஓடிக்கொண்டிருக்கிறதாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ரப்பர் சீல் கெட்டிருந்தால் சீலை மாற்றுங்கள், அழுக்கை எதற்கு வேலைக்கு வைக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். கடைசியில் இஞ்சின் டாப் கவரின் பழைய பேக்கிங்கை மாற்றி, சீல்களைப் பார்த்து, பிறகு ஊற்றுவது என்று முடிவானது. சொட்டினால் தன்னைக் கேட்கக்கூடாது என்று மட்டும் இரண்டுமுறை சொன்னார்.

வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். சொட்டும், நடுவழியில் ஆயில் தீரும், இஞ்சின் இறுகிக்கொள்ளும், நீ வயலில் நிற்பாய் என்று வரிசையாக அடுக்கினார். ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு பேசலாம் என்று நான் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? முப்பது நாள் டெஸ்ட், காருக்கு அடியில் அட்டை விரிக்கிறேன், ஒரு சொட்டு விழுந்தாலும் காரை நானே கொண்டுபோய் ஷோரூமில் விட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் என் கழுத்துக்கு நானே கயிறு மாட்டிக்கொண்டது புரிந்தது. அவர் சரி என்று தலையாட்டினார்.

மெக்கானிக் பழைய ஆயிலை இறக்கியபோது தார் மாதிரி கருப்பாக விழுந்தது. புது ஆயில் தேன் நிறத்தில் இருந்தது. ஸ்டார்ட் பண்ணியபோது முதலில் வழக்கமான சத்தம்தான், எனக்கு மூஞ்சி தொங்கிவிட்டது. நாலைந்து நாள் ஓடட்டும் என்றார். ஐந்தாம் நாள் காலை சாவியைத் திருப்பினேன், லேசாக ஒரு உறுமல், பிறகு அமைதி. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையோ என்று நினைத்து மறுபடி திருப்பினேன், அது கிறீச்சென்று திட்டியது. எதிர்வீட்டு அம்மா கேட்டைத் திறந்துகொண்டு வந்து, இன்னைக்கு வேலைக்குப் போகலையா என்று கேட்டார்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பாக வருகிறது. பெரியபாளையம் தாண்டினால் ரெண்டு பக்கமும் நாற்று நட்ட வயல், கொக்கு, நடுவில் சத்தமே இல்லாமல் நாங்கள். பின்சீட்டுப் பெண்கள் பழக்கதோஷத்தில் கத்திப் பேசிவிட்டு, அவர்கள் குரலுக்கு அவர்களே மிரண்டார்கள். ஸ்டோர்ஸ்காரி மேனேஜரைப் பற்றிக் குசுகுசுவென்று ஒரு சங்கதி சொன்னாள், அது எனக்கு முன்சீட்டில் தெளிவாகக் கேட்டது. மூன்று வருஷத்தில் எத்தனை சங்கதியை இந்த இஞ்சின் முழுங்கியிருக்கிறது என்று எனக்கு அப்போது ஆத்திரமாகவே இருந்தது. புதுவாயலில் நிறுத்தி எல்லோருக்கும் நான் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அட்டை ஒரு மிக்ஸி டப்பாவிலிருந்து வெட்டியது. படம் போட்ட பக்கம் தரையில், வெற்றுப் பக்கம் மேலே. தினமும் காலையில் டார்ச் அடித்து, குனிந்து பார்த்து, ஆயில் அளவுக் கம்பியையும் உருவிப் பார்த்து, அட்டையின் ஓரத்தில் தேதி எழுதி ஒரு டிக் போடுவேன். வீட்டுக்காரர் பால் பாக்கெட்டோடு வாசலில் நின்று என் முகத்தைப் பார்ப்பார். நான் நிமிர்ந்து சிரிப்பேன். அவர் பாலைக் காய்ச்ச உள்ளே போவார்.

இருபத்து மூன்றாம் நாள் ஞாயிறு. முந்தின சாயங்காலம் நான் ரயிலேறி கடம்பத்தூரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். காலை ஆறு மணிக்கு வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, அட்டையைப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். பார்த்துவிட்டு வந்தார். ஒன்றுமில்லை, டிக் போட்டுவிட்டேன் என்றார். நான் நிம்மதியாகத் தங்கை சுட்ட ஆப்பத்தில் நாலு சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை காலை அட்டை சுத்தமாகத்தான் இருந்தது. டிக் போட்டேன். தூசியைத் தட்டலாம் என்று அட்டையைத் தூக்கித் திருப்பினால், அடியில் மிக்ஸி இல்லை. மின்விசிறி இருந்தது. இந்தப் பக்கம் திருப்பினேன். நான் இப்போது போட்டதற்கு மேலே இருபத்து மூன்று தேதிகளும் வரிசையாக இருந்தன. ஆனால் குனிந்துகொண்டு டார்ச் வெளிச்சத்தில் நான் போடுகிற டிக் கோணல்மாணலாக இருக்கும். இதில் எல்லாம் மேஜைமேல் வைத்து எழுதியதுபோல நிமிர்ந்து நின்றன.

அவர் அதற்குள் ரயிலுக்குப் போய்விட்டார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. எதையோ மறைக்கிறார் என்று தெரிந்துவிட்டது, எதற்கு என்று தெரியவில்லை. வண்டியை ஏற்கெனவே விலை பேசி முடித்துவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். திரும்பும்போது பின்சீட்டுப் பெண்களை அவரவர் இடத்தில் இறக்கிவிட்டேன். நேராக மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன்.

அவர் ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார். அவர் முதுகுக்குக் கீழே என் மிக்ஸி அட்டை. அவர் புரண்டபோது முழுதாகத் தெரிந்தது: என் கையெழுத்து, என் கோணல் டிக்குகள், நடுவில் ஐந்து ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு ஆயில் கறை.

என்னைப் பார்த்ததும் வெளியே வந்து தலையைச் சொறிந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை சார் காரோடு, அட்டையோடு வந்தாராம். சொட்டியது சீலும் இல்லை, புது ஆயிலின் குற்றமும் இல்லை. ஆயிலை இறக்குகிற நட்டுக்கு அடியில் ஒரு வாஷர் உண்டு. அதைப் புதிதாகப் போடாமல் பழசையே போட்டு முடுக்கியது இந்த மெக்கானிக்தான். மாற்றி முடிக்கும்வரை வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றாராம்.

"ஒங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு மூணு தபா சொன்னாருக்கா," என்றார் மெக்கானிக்.

நான் அட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஏழரை மணிக்கு வீட்டுக்காரர் ரயிலிறங்கி வந்து சட்டையைக் கழற்றுமுன் அதைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தேன். டெஸ்ட் டெஸ்ட்தான். கம்பெனியில் மேனேஜருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம் என்று என்னால் இருக்க முடியாது.

"சொட்டிடுச்சி. நான் சொன்னது சொன்னதுதான். ஷோரூம்காரருக்குப் போன் பண்ணுங்க," என்றேன்.

"நேத்தே பண்ணிட்டேன். வண்டி விக்கிறதா இல்லன்னு சொல்லிட்டேன்."

ஜெயித்துக் கையில் வைத்திருந்ததை ஏன் ஒளித்தீர்கள், அட்டையைக் காட்டியிருந்தால் நான் மறுபேச்சுப் பேசியிருப்பேனா என்று சண்டைக்கே போய்விட்டேன். ஒரு சோதனைப் பதிவைத் திருத்தி எழுதுவது எவ்வளவு பெரிய தப்பு தெரியுமா என்றுகூடக் கேட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கறையைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டார்.

"வேலைக்குப் போனப்புறந்தான் நீ குளிக்கசொல்லோ பாடுற. அதுக்கு முன்ன இருவது வருசம் நான் கேட்டதே இல்ல. சொட்டப் பாத்ததும் மொதல்ல ஜெயிச்சிட்டோம்னுதான் இருந்துச்சி. அப்பறம் அதான் ஞாபகத்துக்கு வந்துச்சி. பேஜாரா பூட்ச்சி."

நான் பாடுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன், ரோட்டில் நின்றுபோனால் பயமாக இல்லையா என்று கேட்டேன். பயமாகத்தான் இருக்கிறது, ஆரணிப் பக்கம் ஒரு மெக்கானிக் நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன் என்று போனை எடுத்துக் காட்டினார். ஆர்.சி. புதுப்பிக்க விண்ணப்பமும் வாங்கி வந்திருந்தார். இரண்டு பேருமாக உட்கார்ந்து அதை நிரப்பினோம்.

மறுநாள் காலை குளிக்கப் போனபோது எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவர் ஹாலில்தான் இருக்கிறார், காதைத் தீட்டி வைத்திருப்பார் என்று தெரியும். வாயை இறுக்க மூடிக்கொண்டு இரண்டு சொம்பு ஊற்றிக்கொண்டேன். மூன்றாவது சொம்புக்குப் பாடிவிட்டேன்.