செவலைச் சக்களத்தி

எனக்கு ஒரு சக்களத்தி இருந்தாள். நாலு கால், செவலை நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. இதைச் சொன்னால் என் மருமகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். வயிறு எரிந்தது எனக்குத்தானே.

ஆந்திரா தனி மாநிலமாகி, எந்த ஊர் இந்தப் பக்கம், எந்த ஊர் அந்தப் பக்கம் என்று இழுபறி நடந்துகொண்டிருந்த காலம் அது. என் வீட்டுக்காரர் புத்தூரில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர். எந்தக் கிராமத்தில் எத்தனை வீடு தமிழ், எத்தனை வீடு தெலுங்கு என்று விசாரித்து எழுதும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. பஸ் போகாத ஊர்களுக்குப் போகத்தான் அந்தக் குதிரையை வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து அவர் என் கைக்கு வரவில்லை.

விடிந்ததும் கொட்டகைக்குத்தான் போவார். ஒவ்வொரு காலாகத் தூக்கிக் குளம்பில் சிக்கிய கல்லை நோண்டி எடுப்பார். ஈறைத் தூக்கி நிறம் பார்ப்பார். விலாவில் காதை வைத்துக் குடல் ஓடுகிற சத்தம் கேட்பார். தாடைக்கு அடியில் விரல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணுவார். எல்லாம் சித்தூர் மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லிக் கொடுத்தது. எனக்கு மூன்று நாள் காய்ச்சல் அடித்தபோது, "கஷாயம் வச்சிக் குடியேன்" என்று வாசலில் நின்றே சொன்னார். என் கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இதெல்லாம் போகட்டும். என் சமையலையும் விட்டார். மேலே உட்காருகிறவன் கனமாக இருந்தால் குதிரையின் முதுகு கெடுமாம். ராத்திரிச் சோறு நின்றது, நெய் நின்றது. காலையில் தண்டால், பஸ்கி. தொடையில் பலம் இருந்தால்தான் சேணத்தில் பொத்தென்று விழாமல் உட்காரலாமாம். கல்யாணத்தன்றே இருந்த தொந்தி ஆறே மாதத்தில் கரைந்தது. எனக்காக ஒரு வெற்றிலைப் பாக்கை விடாத மனுஷன்!

குதிரை வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை திருச்சானூர் தாயாரைச் சேவித்து, ஒரு தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கல் வாங்கி வந்தேன். நெய் மிதக்கும் பிரசாதம். அவர் ஒரு விரலில் எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார்.

"மீதி வேணாம். எடை ஏறிடும். அது முதுகு பாவம்."

மறுநாள் காலை குதிரையின் முதுகில் சேணம் உரசி லேசாகச் சிவந்திருந்தது. உடனே அதற்கு லீவு. இவர் காகிதக் கட்டை இடுக்கிக்கொண்டு சித்தூர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனார். என்னோடு திருச்சானூருக்கு வரச் சொன்னால் பஸ்ஸில் நெரிசல் என்று சொன்னவர்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரசாதத்தைக் குப்பையில் போட முடியுமா? தூக்கை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். "உனக்காகத்தானே அவரு துன்னல. நீயே துன்னுடி மகராசி" என்று கை கையாக அள்ளி நீட்டினேன். அது ஒரு பருக்கை விடாமல் தின்று என் விரலையும் நக்கியது.

உச்சி வெயிலுக்கு முன்பே அது தன் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. முன்காலால் தரையைக் கீறியது. கழுத்தெல்லாம் வேர்வை. படுத்துப் புரளவும் பார்த்தது. "குதிரைக்கு வாந்தி வராது. உள்ளே போனது உள்ளேதான்" என்று அவர் நூறு தரம் சொல்லியிருக்கிறார். அடி பாவி, கொன்றேவிட்டாயா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

குதிரை வைத்தியம் என்று அவர் சொல்லச் சொல்ல நான் கடுப்போடு கேட்டதெல்லாம் அப்போது ஞாபகம் வந்தது. தொட்டியில் இருந்த புல்லையும் கொள்ளையும் அள்ளி எறிந்தேன். கயிற்றைப் பிடித்து மெதுவாக நடத்தினேன். மாட்டு டாக்டரும் சித்தூரில், இவரும் சித்தூரில். கொட்டகையிலிருந்து புளியமரம், புளியமரத்திலிருந்து கொட்டகை.

"ஏமாயிந்தம்மா?" என்று தெலுங்கில் என்ன ஆச்சு என விசாரித்தாள் எதிர்வீட்டுக்காரி.

"வயித்து வலி அக்கா. நடக்க வச்சிக்கினு இருக்கேன்" என்றேன். பொங்கல் கதையைச் சொல்லவில்லை.

செருப்பைக்கூட மாட்டவில்லை. உள்ளங்கால் பொரிந்தது. அது படுக்கப் பார்க்கும்போதெல்லாம், "வேணாம்டி, என் கண்ணு, எழுந்திரு" என்று கெஞ்சினேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது எனக்கே ஆச்சரியம். வெயில் தாழ்ந்தபோது அது நின்று, வாலைத் தூக்கி லத்தி போட்டது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அந்த நேரம் பார்த்து அவர் பஸ் இறங்கி வந்தார். காகிதக் கட்டைத் திண்ணையில் எறிந்துவிட்டு ஓடினார். ஈறு, விலா, நாடி எல்லாம் பார்த்தார். "பயமில்ல, தப்பிச்சிச்சி" என்று மூச்சு விட்டார். பிறகு என் பக்கம் திரும்பி என் கையைப் பிடித்தார். பொழுது சாயுமுன்னே, தெரு பார்க்க, முதல் தடவையாக. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

என் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"நெய்யி, ஏலக்காய். பொங்கலா குடுத்தே?"

"ஆமா."

"எவ்ளோ?"

"ஒரு தூக்கு. நீங்க துன்ன மாட்டேன்னீங்க இல்ல."

திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திட்டவில்லை. கையையும் விடவில்லை. விரல் மணிக்கட்டுக்கு நகர்ந்தது. கண்ணைத் திறந்தால் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருக்கிறார்.

"இன்னாடி இது, அதைவிட உனக்கு வேகமா அடிக்குதே."

"ஒரு வருஷமா அப்படித்தான் அடிச்சிக்கினு இருக்குது" என்றேன்.