பள்ளிவாசலுக்கு வைத்த சந்தனப் பொட்டு

கட்டடக்கலை படிக்கிற என் பேத்தி தரணி அட்டையில் செய்த கட்டடத்தை மடியில் வைத்துக்கொண்டு இன்று அவளோடு அவள் வகுப்புக்கு பஸ்ஸில் போனேன். அடுக்கடுக்காய் வளைந்த கூரைகள். எல்லாரும் பார்க்கட்டும் என்று கொஞ்சம் உயர்த்தியே பிடித்தேன்.

முன் சீட்டில் இருந்த தமிழ்ப் பெண் கேட்டாள்: "என்ன அன்ரி, சீனக் கோயிலோ?"

"ஓம் பிள்ளை, என்ரை பேத்தி செய்தது."

தரணி திரும்பினாள். "கோயில் இல்லை அம்மம்மா, பள்ளிவாசல். சியான் நகரத்திலை நூற்றுக்கணக்கான வருசமா நிக்குது."

"உருண்டைக் கூரை எங்கையடி?"

"அங்கத்தை முஸ்லிம் ஆக்கள் சீன முறையிலைதான் கட்டினவை. முற்றத்திலை நிக்கிற இந்த மண்டபம்தான் பாங்கு சொல்லுற கோபுரம். மக்கா அவைக்கு மேற்கு, அதாலை தொழுகை மண்டபத்திலை மேற்குப் பார்த்துத் தொழுவினம்."

உயர்த்திப் பிடித்ததைச் சட்டென்று மடிக்கு இறக்கினேன். புதிதாய் எது வந்தாலும் பொட்டு வைக்கிற பழக்கத்தில், காலையில் அவள் குளிக்கும்போது அதன் வாசலில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டேன்.

மெல்லச் சொன்னேன். குனிந்து பார்த்தாள். "ஐயோ அம்மம்மா! துடைச்சால் அட்டை உரியுமே!"

இப்போது வகுப்புக்கு வெளியே போட்டிருக்கிற வாங்கில் இருக்கிறேன். எழும்புகிறேன், நடக்கிறேன், திரும்ப இருக்கிறேன். உள்ளே அவள் பொட்டு வைத்த பள்ளிவாசலை ஆசிரியர்களுக்கு விளக்குகிறாள். சற்றுமுன் எல்லாரும் சிரித்த சத்தம் கேட்டது.

புதுக் காருக்குப் பொட்டு வைக்காத ஆட்கள் மட்டும் என்னை ஏசுங்கோ.