கயிற்றில் பேசியவர்கள்

அந்தப் பழைய நகரத்துக்குச் சுவர்ப்படம் வரைய வருகிற வெளியூர்க்காரர்கள் முதலில் தேடிப் போவது அக்காவைத்தான். நானும் தேடிப் போனேன். கோட்டையைச் சுற்றியுள்ள தெருக்களில் மூன்று மாடி உயரத்தில் என்ன படம் இருந்தாலும், அதை வரைந்தவரைக் கூரையில் நின்று கயிற்றில் பிடித்திருந்தது அக்காவின் கை.

"தொங்கறப்போ சும்மா கத்தாதே," என்றார் எடுத்த எடுப்பிலேயே. "தெருவுல போறவன் கத்தினான்னு ஒருதடவ இறக்கி, ஒரு பையன் காலை ஒடைச்சேன். ஒரு இழு இழுத்தா நிறுத்துவேன். ரெண்டுன்னா கீழ. மூணுன்னா மேல. கயிறு சொல்றதுதான் எனக்குக் கணக்கு."

எனக்கு வாய்த்த சுவர் ஒரு மூடிய ஆலையின் பக்கச்சுவர். துணைக்கு வரைய வந்தவர் அக்காவின் கணவர். அவர் கயிற்றை அக்கா பிடிப்பார், என் கயிற்றை அக்காவின் தம்பி. முதல் நாளே எனக்குத் தலை சுற்றிவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. "டீ ஆறிடும்னு அவர்கிட்ட சொல்லு" என்பார் அக்கா. அவர் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். நான் படம் வரைய வந்தவளா, தபால்காரியா?

காரணத்தை மாமாதான் சொன்னார்; அக்காவின் கணவரை நான் அப்படித்தான் கூப்பிட்டேன். அவர்களுடைய ஒரே மகள் காய்ச்சலில் போய்விட்டாள். போவதற்கு முன் சந்தைத் தெருச் சுவரில் ஒரு நீலச் சைக்கிள் வரைந்திருந்தாள். பிறகு அந்தச் சுவர் வேறொரு படத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. "எவனோ வந்து அழிக்கறதுக்கு நானே அழிச்சிடலாம்னு வெள்ளை அடிச்சிட்டேன்மா," என்றார். "அவகிட்ட கேக்கல. அதுதான் என் தப்பு."

அன்றிலிருந்து அக்கா பேசுவதில்லை. அவர் பேச வந்தாலும் விடுவதில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை பேசினா உன் கயித்தை வேற எவன்கிட்டயாவது குடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டாராம். அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு மாமாவின் உயிரையும் அதே கையில் பிடித்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் மதியம் காற்று கிளம்பியது. மாமா எனக்குப் பக்கத்தில், இரும்புச் சட்டம் போட்ட பலகையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். அவர் காலுக்குக் கீழே தெருவிளக்குக்குப் போகிற மின்கம்பி, மேலுறை உரிந்து தொங்கியது. அதற்கு மேலேயே வேலையை முடித்துக்கொள்வதாக நானும் மாமாவும் பேசியிருந்தோம்; கூரையில் நின்ற அக்காவுக்கு அந்தக் கம்பி இருப்பது தெரியாது.

அவருடைய பெயிண்ட் வாளி காற்றில் ஆடி அவர் கயிற்றில் மோதியது. டக், டக். பலகை கீழே இறங்க ஆரம்பித்தது.

மாமா ஒரு இழு இழுத்தார். அதே நேரம் வாளியும் மோதியது. மேலே அது இரண்டாகத்தான் போயிருக்கும். பலகை இன்னும் இறங்கியது.

"இறக்காதீங்கக்கா," என்று தொண்டை கிழியக் கத்தினேன். மேலே கூரைவிளிம்பு மறைத்தது, அக்கா தெரியவில்லை. இறக்குவதும் நிற்கவில்லை.

"மாமா, நீங்க கத்துங்க. உங்க குரல்னா கேப்பாங்க."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினார். மறுபடி ஒரு இழு. மறுபடி வாளி. பலகைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. இவரெல்லாம் ஒரு மனுஷனா என்று பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. "செத்துத் தொலையப் போறீங்க, வாயைத் தொறங்க," என்று அழுதேவிட்டேன். அவர் கால்களை மடக்கி மார்போடு சேர்த்துக்கொண்டாரே தவிர, வாயைத் திறக்கவில்லை.

பலகை சட்டென்று நின்றது. மேலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"யோவ். கயிறு கன்னாபின்னான்னு பேசுது. நீ சொல்லு. மேலயா, கீழயா?"

மாமா நிமிர்ந்து பார்த்தார். "மேல," என்றார். 

எங்களை மேலே ஏற்றியபோது அக்காவின் உள்ளங்கை உரிந்து ரத்தம் கசிந்தது. நான் கம்பியைப் பற்றிச் சொன்னதும் அக்கா கூரைவிளிம்பில் குனிந்து எட்டிப் பார்த்துவிட்டு மாமா பக்கம் திரும்பினார்.

"உன் குரல் எனக்குத் தெரியாதா? வாயைத் தொறந்தா என்ன?"

"பேசினா கயித்தை விட்டுடுவேன்னு சொன்னியே," என்றார் மாமா. "எனக்குன்னு உன்கிட்ட மிச்சம் இருக்கறது அந்தக் கயிறு ஒண்ணுதான்."



"பேசித் தொலைய்யா," என்றார் அக்கா கடைசியில்.

மாமா அந்த உரிந்த உள்ளங்கையை எடுத்துத் தன் துண்டால் சுற்றினார்.